லோடு வருது

அந்த லாண்ட்ரியில் அவளுக்குப் பேர் கறையக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பின்பக்க ஷெட்டில், கொதிகலனின் சூடு முதுகில் அடிக்கிற மூலையில், சிமெண்டு மேடைக்கு முன்னால் நாளெல்லாம் நிற்பாள். ஓட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரிப் போர்வை, யார் யாரோ கழற்றிப் போட்ட சட்டை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து முதலில் அவள் கையில்தான் விழும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ரத்தமென்றால் பச்சைத் தண்ணீர். பேனா மையென்றால் ஸ்பிரிட். பெயிண்டு, பசை என்றால் தின்னர். கறை போன பிறகுதான் துணி மெஷினுக்குள் போகும்.

"அக்கா, எம் பொண்டாட்டி மனசுல ஒரு கறை இருக்கு, எடுத்துக் குடேன்" என்பான் மெஷின்காரன்.

"அந்தக் கறையே நீதான்டா. உன்னை எடுத்துட்டா போதும், பளிச்சுனு ஆயிடும்" என்பாள்.

அப்படி வாயாடிக்கொண்டு இருந்தவள்தான். மகளைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோன நாளிலிருந்து அந்த வாய் அடைத்துப்போயிற்று. வேலைக்கு வருகிறாள், கை தன்பாட்டுக்குத் தேய்க்கிறது, மனசு ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில் கிடக்கிறது.

மகளுக்குப் பத்து வயது. ரத்தத்தில் வந்த வியாதி. அதை அழிக்கக் கொடுத்த மருந்து வியாதியோடு சேர்த்துப் பிள்ளையின் தெம்பையும் வழித்து எடுத்துவிட்டது. இனி வெளிக்காற்று படக்கூடாது, தூசி படக்கூடாது, ஒருத்தர் தும்மினால் போதும் என்று சொல்லி ஒரு கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். கூட ஒரு ஆள் இருக்கலாம். வேலை நேரம் போகக் கறையக்காதான் இருந்தாள். ஆனால் தின்னர் நெடியிலேயே வருஷக்கணக்காக நின்றவளுக்கு இருமல் சும்மா விடுமா. ஒரு நாள் முகமூடிக்குள்ளேயே இருமினாள். நர்ஸம்மா அவள் தோளைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். நடுவில் பேசுவதற்குச் சுவரில் ஒரு போன்.

பிள்ளை சாப்பாட்டை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். வாயெல்லாம் புண். எதை வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்றது. பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டு உதட்டை மூடிக்கொண்டது. டாக்டர் அன்று காலையில் வராந்தாவில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வாய் வழியா ஏதாவது உள்ள போகணும்மா. இல்லேன்னா மூக்கு வழியா குழாய்தான் போடணும். இப்ப இருக்கிற நிலைமையில குழாய் உரசி ரத்தம் வந்துச்சுன்னா, அது நிக்காது. அதுக்குத்தான் பயப்படறேன்."

டாக்டரே பயப்படுகிறேன் என்று சொன்னால் பெற்றவள் எங்கே போவாள். போனை எடுத்தாள். உள்ளே நர்ஸம்மா பிள்ளையின் காதில் போனை வைத்தாள்.

"மொதலாளி" என்றாள் கறையக்கா. வீட்டில் அதுதான் கூப்பிடுகிற பேர். அப்பா வைத்தது. "ஒரே ஒரு வாய். அம்மாவுக்காக."

மூச்சு மட்டும் கேட்டது.

"என்ன வேணும்னு சொல்லு. எது வேணும்னாலும் கொண்டாறேன்."

"அந்தப் படம்."

"எந்தப் படம்மா?"

"அப்பா லோடு ஏத்துற படம்."

"அதப் பாத்தா சாப்பிடுவியா?"

உண்மையான முதலாளி மாதிரியே, "பாக்கலாம்" என்று வந்தது பதில்.

அவள் புருஷன் லாரி டிரைவர். பிள்ளைக்குச் சோறூட்டும்போது அவன் கைதான் லாரி, பிள்ளையின் வாய்தான் குடோன். "லோடு வருது, லோடு வருது, மொதலாளியம்மா கேட்டைத் தொறங்க" என்று ஹாரன் அடித்துக்கொண்டே உருண்டையைக் கொண்டுபோவான். கல்யாண வீடியோ எடுக்கிற அவன் கூட்டாளி ஒருத்தன் ஒருநாள் கேமராவை இரவல் கொடுத்தான். வீட்டில் எடுத்ததையெல்லாம் ஒரு டிவிடியில் போட்டும் கொடுத்தான். அதற்கடுத்த வருஷம் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்தது. டிரைவர் பிழைக்கவில்லை.

"டிவிடி பெட்டியெல்லாம் உள்ள விட மாட்டாங்க" என்றாள் நர்ஸம்மா. "பூரா ஓட்டை, பூரா தூசி. செல்லோ டேப்லெட்டோ கொண்டாங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு நானே வச்சுக் காட்டறேன். படத்தை அதுல மாத்திக் குடுக்கிற கடை கேட்டுக்கு எதிரயே இருக்கு."

இருந்தது. செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே, ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய இரும்புப் படிக்கட்டு. ‘பழைய கேசட், டிவிடி: செல்லில், டேப்லெட்டில் பார்க்க மாற்றித் தரப்படும்’ என்று தாள் ஒட்டிய கதவு. உள்ளே வழுக்கைத் தலையோடு ஒருத்தர் நான்கு கம்ப்யூட்டருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தில் அவரை மாத்துக்காரர் என்பார்கள். கல்யாணம், காது குத்து, செத்த வீடு என்று ஊரில் உள்ள அத்தனை குடும்பங்களின் படமும் அவர் கண்ணால் பார்த்து முடித்தது. அதனாலோ என்னவோ எதற்கும் முகம் மாறாது.

"டிஸ்க்கு எங்க?"

"எங்க அண்ணி வீட்டுல இருக்கு. கொண்டாறேன்."

"தொடச்சுக் கொண்டாங்க. அழுக்கு டிஸ்க்கப் போட்டுப் போட்டு என் டிரைவ் ரெண்டு போச்சு" என்றார், தலையைத் தூக்காமலே.

அண்ணி என்றால் புருஷனின் அக்கா. மாவு மில் நடத்துகிறாள். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன. தம்பியின் பிணத்தை இறக்கிய அன்று, அத்தனை பேர் நடுவில், "எந் தம்பியத் தின்னுட்டு நிக்கிறா பாரு" என்று கையை நீட்டிச் சொன்னவள் அவள். அன்றைக்கே டிவிடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கறையக்கா கேட்கவும் இல்லை. அந்த வாசலை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று இருந்தவள், இப்போது படியேறினாள்.

மில்லின் மெஷின் முழுச்சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாவு பறந்து அண்ணியின் புருவம்கூட வெளுத்திருந்தது.

"என்ன அரைக்கணும்?" என்றாள் அண்ணி, யாரோ வாடிக்கையைக் கேட்பது மாதிரி.

"அண்ணி, அந்த டிவிடி வேணும்."

"என்னது? விழல."

"டிவிடி. அவர் பாப்பாவுக்குச் சோறூட்டுவாரே, அது."

"எதுக்கு? இத்தனை நாளா இல்லாத பாசம் இப்ப எதுக்கு பொத்துக்கிட்டு வருது?"

"பாப்பா கேக்கிறா."

"கேட்டா அவளையே வரச் சொல்லு. அத்தை வீட்டுக்கு வழி தெரியாதா அவளுக்கு?"

"அவளால வர முடியாது அண்ணி."

"ஏன், கால் வலிக்குதாமா?"

கறையக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. இருமி முடித்து, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "சாகக் கெடக்கிறா அண்ணி. ஆஸ்பத்திரியில கண்ணாடி ரூம்புல சாகக் கெடக்கிறா. வாயில ஒரு பருக்கை இறங்கல."

அண்ணி கையை நீட்டி மில்லை நிறுத்தினாள். பட்டை சுற்றிச் சுற்றி மெதுவாக நின்றது.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா" என்று அண்ணி திருப்பிச் சொன்னாள். "எந் தம்பி ரத்தம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல உனக்கு."

"எந்த முகத்தோட வந்து சொல்றது? நான்தான் தின்னவளாச்சே."

அண்ணி உள்ளே போய் வெகு நேரம் பீரோவைக் குடைந்தாள். வந்து நீட்டினாள். உறை இல்லாத டிவிடி. பளபளக்கிற பக்கம் முழுக்க நட்சத்திரமும் மீனுமாகக் குழந்தைகள் ஒட்டுகிற ஸ்டிக்கர். பாதி கிழிந்து, பாதி பசையாக இருந்தது.

"என் பேரன் பண்ணின வேலை. எனக்கும் இன்னைக்குத்தான் தெரியுது. நான் அதை ஒரு தடவைகூடப் போட்டுப் பாக்கலடி. அவன் மூஞ்சியப் பாக்கிற தைரியம் வரல" என்றாள் அண்ணி.

பசையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று கறையக்காவிடம் யாராவது சொல்லித்தர வேண்டுமா. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் லாண்ட்ரி. பின்பக்கமாக நுழைந்து, தன் மேடையில் வெள்ளைத் துணியை விரித்து, டிஸ்க்கை அதன் மேல் வைத்தாள். ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். மிச்சப் பசைக்குத் தின்னர் டப்பாவைச் சாய்த்து, பஞ்சில் நனைத்து, விளிம்பிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். பசை இளகி வந்தது. நல்ல கை, அவளுக்கே திருப்தியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

பஞ்சை எடுத்தபோது அந்த இடம் வெளுத்திருந்தது.

ஆவி படிந்திருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். போகவில்லை. வேகமாகத் துடைத்தாள், சுற்றிச் சுற்றித் துடைத்தாள். துணியில் இருந்த தின்னர் போன இடமெல்லாம் வெளுப்பும் கூடவே போனது. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த தகடு, வேக வைத்த மீனின் கண் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது துணி இல்லை. இத்தனை காலம் கறையை எடுத்த கை, இருந்த ஒன்றையும் எடுத்துவிட்டது.

அவள் கத்தவில்லை. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின்காரன் ஓடிவந்து, "அக்கா, அக்கா" என்று உலுக்கினான். "என் கையை வெட்டிப் போடுடா" என்றாள். அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன்தான் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்து, வண்டியில் உட்கார வைத்துக் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

மாத்துக்காரர் டிஸ்க்கை விளக்கில் பிடித்துப் பார்த்தார். மாறாத அந்த முகம் மாறியது.

"என்னத்தம்மா ஊத்தினீங்க?"

"தின்னர்."

"தின்னரா. பிளாஸ்டிக்குல போயி தின்னரையா."

"பசைக்கு அதான் போடுவோம். நான் கறை எடுக்கிறவ சார். தொடச்சுக் கொண்டான்னு சொன்னீங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "சொன்னேன். நான்தான் சொன்னேன். ஈரத்துணின்னு சொல்லித் தொலைச்சிருக்கணும்."

"போயிடுச்சா சார்?"

"பொறுங்க."

"இல்ல, போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. நாளைக்கு மத்தியானம் குழாய் போடப் போறாங்க. நான் அவகிட்ட என்ன சொல்லுவேன்? உங்கப்பா படத்த அம்மா அழிச்சுட்டேன்னு சொல்லவா? அதுக்கப்புறம் அவ வாயத் தொறப்பாளா?"

அவர் எழுந்து அவளை ஸ்டூலில் உட்கார வைத்தார். "இங்க பாருங்க. படம் இந்த மேல்தோல்ல இல்ல. உள்ள இருக்கு. மேல கண்ணாடிக்குப் புகை பிடிச்ச மாதிரிதான் இது. புகையக் கொஞ்சம் எடுத்தா உள்ள எட்டிப் பாக்கலாம். ஓரமெல்லாம் ரொம்ப வெந்திருக்கு, அது வராது. நடுவுல கொஞ்சம் பொழச்சிருக்கு. படம் ஆரம்பிக்கிறது நடுவுல இருந்துதான். எவ்வளவு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

ஒரு டப்பா பாலிஷும் பஞ்சும் எடுத்தார். "நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா இழுக்கணும். வட்டமாத் தேச்சா மொத்தமும் காலி."

"நான் தேய்க்கிறேன் சார்."

அவர் யோசித்தார். அந்தக் கையைப் பார்த்தார். தின்னரிலும் சோப்பிலும் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்த கை. அது இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது.

"முடியுமா?"

"தேய்க்கிறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

டிஸ்க்கைத் தொட்டதும் நடுக்கம் நின்றது. நடுவிலிருந்து விளிம்புக்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு. இருமல் வரும்போது முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டாள். மாத்துக்காரர் அவ்வப்போது வாங்கிப் பார்த்து, "இன்னும்" என்றார். வெளியே வெயில் இறங்கியது. ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும்.

கடைசியில் டிஸ்க்கை மெஷினில் போட்டார். அது சுழன்றது, திணறியது, நின்றது, மறுபடி சுழன்றது.

"சாதாரணமா மாத்துறதுன்னா டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். இது எழுத்துக்கூட்டிப் படிக்குது. படிக்கட்டும், அவசரப்படுத்தக் கூடாது" என்றார்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். அண்ணி. தலையில் மாவோடு அப்படியே வந்திருந்தாள். கையில், நர்ஸம்மா சொல்லி எடுத்து வந்த பேரனின் டேப்லெட்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி வழியாப் பாத்தேன்." ஸ்டூலில் பாதி இடத்தில் உட்கார்ந்தாள். கறையக்கா நகர்ந்து கொடுத்தாள். டிஸ்க்குக்கு என்ன ஆனது என்று மாத்துக்காரர் சொன்னபோது அண்ணி திரும்பிக் கறையக்காவைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றே அவள் நினைத்தாள்.

"கழுத்த நெரிக்கத் தோணுது உன்னை" என்றாள் அண்ணி. பிறகு, "சாப்பிட்டியாடி?" என்றாள்.

"இல்ல."

"ஆத்தாளும் மகளும் ஒரே மாதிரி."

திரையில் படம் வந்தது.

முதலில் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு சேர்ந்தது. பழைய வீட்டின் பச்சைச் சுவர். பாயில் மூன்று வயதுப் பிள்ளை, கன்னமெல்லாம் சோறு. ஹாரன் சத்தம் கேட்டது, வாயால் அடிக்கிற ஹாரன். "லோடு வருது, லோடு வருது. வழி விடுங்கப்பா, மொதலாளியம்மா குடோனுக்கு லோடு வருது."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் அப்படியே இருந்தது. திரைக்குள்ளே கீழிருந்து ஒரு கை வந்தது. உருண்டை பிடித்த கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. பிள்ளை "குடோன் மூடியாச்சு" என்று சொல்லிச் சிரித்து, தலையை ஆட்டியது. "அப்படிச் சொன்னா எப்படி மொதலாளி? நூறு மைல் ஓட்டிட்டு வந்திருக்கேன். கேட்டைத் தொறங்க." கை ஊர்ந்து வாய்க்குப் பக்கத்தில் வந்தது. பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு உதட்டைத் திறக்கப் போனது.

அங்கேயே படம் உறைந்துவிட்டது.

"அவ்வளவுதான்" என்றார் மாத்துக்காரர். "இதுக்கு மேல வெறும் வெள்ளை."

"எந் தம்பி எங்க?" என்றாள் அண்ணி. "ஆளைக் காட்டவே இல்லையே. இதுக்கப்புறம் வருவானா?"

"கேமராவப் பிடிச்சிருக்கிறது யாரும்மா? ஒரு கையில கேமரா, ஒரு கையில சோறு. மொத்தப் படத்துலயும் அவர் மூஞ்சி வந்திருக்காது."

இரண்டு பெண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அந்தப் படத்தில் இருக்கிறான் என்று இத்தனை வருஷமாக இருவரும் நம்பியிருந்தார்கள். ஒருத்தி பார்க்கப் பயந்து பீரோவில் பூட்டி வைத்தாள், ஒருத்தி கேட்க ரோஷப்பட்டு இருந்துவிட்டாள்.

"மூஞ்சியே இல்லையேடி" என்று அண்ணி அழுதாள்.

"கை இருக்கே அண்ணி" என்றாள் கறையக்கா. "அவ கேட்டது லோடு ஏத்துற படம்தான்." சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. வாய்க்குப் போய்ச் சேராத ஒரு கையைப் பிள்ளைக்குக் காட்டி என்ன ஆகப் போகிறது.

மாத்துக்காரர் அதை டேப்லெட்டில் ஓடுகிற மாதிரி மாற்றி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, தொட்டதும் திரும்ப முதலிலிருந்து ஓடும்படி வைத்துக் கொடுத்தார். வாசல் வரை வந்து, "நாளைக்கு என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க" என்றார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் காலை. நர்ஸம்மா டேப்லெட்டை முன்னும் பின்னும் ஸ்பிரிட்டால் துடைத்து, உறையில் போட்டு உள்ளே கொண்டுபோனாள். ஒரு கிண்ணத்தில் குழைத்த கஞ்சியும் கரண்டியும். கறையக்காவும் அண்ணியும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்கள். போன் உள்ளே கொக்கியில் தொங்கியது. சத்தம் ஒன்றும் கேட்காது.

முடியில்லாத அந்தச் சின்னத் தலையைத் தலையணையில் தூக்கி வைத்து, நர்ஸம்மா டேப்லெட்டை நெஞ்சுக்கு மேல் பிடித்தாள். பிள்ளை பார்த்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. படம் முடிந்து உறைந்தது. நர்ஸம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பி, என்ன செய்ய என்று பார்த்தாள். அதற்குள் பிள்ளையே ஒரு விரலைத் தூக்கித் திரையைத் தொட்டது. மறுபடி ஓடியது. மறுபடி தொட்டது.

கேட்காவிட்டாலும் ஒவ்வொரு வார்த்தையும் கறையக்காவுக்குத் தெரியும். இப்போது ஹாரன். இப்போது வழி விடுங்கப்பா. இப்போது நூறு மைல்.

கேட்டைத் தொறங்க.

திரையில் கை நின்றது. பிள்ளை உதட்டைப் பிரித்தது. புண்ணில் இழுபட்டு முகம் சுளித்தது, ஆனாலும் பிரித்தது. திறந்த வாயோடு, வராத அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டு இருந்தது.

நர்ஸம்மா கெட்டிக்காரி. டேப்லெட்டுக்குக் கீழேயிருந்து, கை வந்த அதே பக்கத்திலிருந்து, கரண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். முகமூடிக்குள் அவள் கன்னம் அசைந்தது. ஹாரன் அடிக்கிறாள் போலிருக்கிறது. கரண்டி உள்ளே போனது. வாய் மூடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தக் குச்சிக் கழுத்தில் ஒரு அசைவு கீழே இறங்கியது.

பிள்ளை மறுபடி விரலைத் தூக்கித் திரையைத் தொட்டது.

அண்ணி திரும்பிக் கறையக்காவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, கறையக்காவின் வாய் அகலத் திறந்திருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

"வாய மூடுடி, ஈ போயிடும்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு உள்ளே பார்த்தாள். அடுத்த கரண்டி ஊர்ந்து வந்தது. அண்ணியின் வாயும் திறந்துகொண்டது.